நாலரை விரல் விலை

இரத்த அழுத்தம் கூடிவிட்டது, உப்பைக் குறையுங்கள் என்றார் டாக்டர். நான் குறைக்க வேண்டியது உப்பை அல்ல, நியாயம் பாஸை. இந்த உலகத்தில் திருடர்களோடு பழகலாம், பொய்யர்களோடு பழகலாம், அவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியும். ஆனால் நேர்மையைத் தவிர வேறு ஒன்றும் தெரியாத மனிதரோடு மட்டும் பழகவே கூடாது. அதுவும் அப்படிப்பட்டவர் ஒரு காரை விற்கப் புறப்பட்டால் ஊரைவிட்டே ஓடிவிட வேண்டும். நான் ஓடவில்லை. அவருக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தேன், அவரிடம் இல்லாத ஒரு நல்ல போன் என்னிடம் இருந்தது. என் தலையெழுத்து அவ்வளவுதான்.

பாஸ் என்றதும் மேலதிகாரி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் சபரகமுவப் பக்கத்தில் மேசன், தச்சர், மெக்கானிக் என்று கையால் வேலை செய்கிற எல்லோருக்கும் அந்தப் பட்டம்தான். சிங்களத்திலிருந்து வந்து எங்கள் வாயிலும் ஒட்டிக்கொண்ட சொல். நிவித்திகலைக்கு மேலே தேயிலையும் இறப்பருமாக இருக்கிற எங்கள் தோட்டத்தில் நான் பாடசாலை டீச்சர். அவர் தோட்டத்துக் கராஜில் லொறி, ட்ராக்டர், பம்பு எல்லாவற்றையும் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் "நியாயமா பாத்தா..." என்று ஆரம்பிக்காமல் அவர் வாயைத் திறந்ததே இல்லை. அதனால் ஊர் அவருக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டது.

கோயில் சீட்டிழுப்பில் ஒருமுறை அவருக்கு ரைஸ் குக்கர் விழுந்தது. பாக்கியம் அக்கா, அவருடைய மனைவி, அலுமாரிக்கு மேலே அதற்கு இடம்கூட ஒதுக்கிவிட்டார். இவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எட்டுப் பேருக்கு ஆக்குற குக்கரு. நியாயமா பாத்தா நாங்க ரெண்டே பேரு" என்று கமிட்டியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தார். அக்கா அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவருக்குச் சோறு மட்டும்தான் போட்டார், பேச்சுக் கொடுக்கவில்லை.

இந்த நியாயத்துக்கு அவர் ஒரு சட்டமும் வைத்திருந்தார். எங்கள் பக்கம் மாணிக்கக்கல் குழிகளுக்குப் பேர் போனது. குழி தோண்டினால் நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு, தண்ணீர் இறைக்கப் பம்பு கொடுத்தவருக்கு ஒரு பங்கு, உள்ளே இறங்கினவர்களுக்கு ஒரு பங்கு. கல் கிடைத்தால் எல்லோருக்கும் பிரிக்க வேண்டும். அந்தக் குழிகளின் பம்புகளைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து, இந்தப் பங்குச் சட்டம் சூரியன் சந்திரனுக்குக்கூடப் பொருந்தும் என்று பாஸ் நம்பத் தொடங்கிவிட்டார். என் கோழி அவருடைய கராஜுக்குள் போய் இரண்டு முட்டை இட்டுவிட்டது. மனிதர் அதை அவித்து, ஒன்றை இரண்டாக வெட்டி, ஒன்றரை முட்டையைத் தட்டில் வைத்து மூடிக்கொண்டு வந்து நின்றார்.

"கோழி ஒங்களோடது டீச்சர். எடம் எங்களோடது. நியாயமா பாத்தா எடத்துக்கு நாலுல ஒண்ணு."

"முழுசா ரெண்டையுமே சாப்பிட வேண்டியதுதானே பாஸ்!"

"அது திருட்டு டீச்சர்" என்றார், நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னது போல.

இனி அந்தக் கார். வெள்ளைக்காரப் பெரிய துரை ஒருவர் ஒரு காலத்தில் கிளப்புக்கு ஓட்டிப் போன கார். இரண்டே இரண்டு சீட். கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்து மூட ஒரு துணி. சக்கரத்தில் சைக்கிளைப் போலக் கம்பிகள். பொனட் மட்டும் பாதிக் காருக்கு நீளம். துரை ஊருக்குப் போகும்போது கராஜின் பின்பக்கம் விட்டுப் போனதை, தோட்டம் எத்தனையோ கை மாறியும் யாரும் சீண்டவில்லை. கோழி குடியிருந்தது, ஆடு குட்டி போட்டது. பாஸ் ஓய்வு பெறும்போது அப்போதைய துரை ஒருவர், "இந்தத் துருவை நீயே எடுத்துக்கொண்டு போ" என்று முறையாக எழுதிக் கொடுத்து, பதிவையும் மாற்றிக் கொடுத்தார்.

மனிதர் ஆண்டுக்கணக்காக அதைப் பிரித்தார், தட்டினார், பூட்டினார். கிடைக்காத பாகத்தைத் தானே கடைந்தார். டாஷ்போர்டுக்குப் பலாப் பலகை இழைத்தார். பெயின்ட் கடைக்குப் போகும்போது தேயிலை இலை ஒன்றைக் கையில் கொண்டு போய், "இந்தப் பச்சை வேணும்" என்றாராம். கடைக்காரன் கலந்து முடிப்பதற்குள் இலை வாடிக் கறுத்துவிட்டது. மறுபடி மலையேறி இன்னொரு இலை பறித்துக்கொண்டு போனார். கொழுந்து இல்லை, முற்றின இலை. அந்தப் பச்சையைப் பார்த்தால் எனக்கே கண் குளிர்ந்து போகும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

எஞ்சின் முதன்முதலாக உயிர் பெற்ற அன்று, சந்தோஷத்தில் எங்கேயோ கையை நீட்டினார். காற்றாடி அவருடைய வலது கை மோதிர விரலில் பாதியைக் கொண்டு போய்விட்டது. அந்தத் துண்டைத் தேடாத இடம் இல்லை. கிடைக்கவே இல்லை, காருக்குள்ளேயே எங்கோ போய்விட்டது. நாங்கள் அலறி அடித்துக்கொண்டு அவரை லொறியில் ஏற்றினால், கையில் சாரத்தைச் சுற்றிக்கொண்டு, "நியாயமா பாத்தா தப்பு எம்மேலதான். காத்தாடி அதோட வேலையப் பாத்துச்சு" என்று ஆஸ்பத்திரி வரை காருக்காக வாதாடிக்கொண்டு வந்தார்.

போன வருஷம் கம்பெனி ஒரு கடிதம் கொடுத்தது. கராஜையும் அதோடு ஒட்டிய வீட்டையும் இடித்து உல்லாசப் பயணிகளுக்கு பங்களா கட்டப் போகிறார்களாம், மாத முடிவுக்குள் காலி செய்ய வேண்டுமாம். பாக்கியம் அக்கா தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கல்யாணம் கட்டி கராஜ் வீட்டுக்கு வந்தவர். சொந்தச் சுவர் என்ற ஒன்றை அவர் பார்த்ததே இல்லை.

"செவத்துல ஆணி அடிக்கணும்னாலும் ஆபீஸுல போயி கேக்கணும் டீச்சர். சாகுறதுக்குள்ள சொந்தச் செவத்துல ஒரே ஒரு ஆணி அடிச்சுட்டேன்னா போதும்" என்பார்.

அதற்கும் ஒரு வழி திறந்தது. நிவித்திகலைப் பாதையில், மாத்தயா என்று எல்லோரும் மரியாதையாகக் கூப்பிடுகிற ஓய்வு பெற்ற தபால் மாஸ்டர் ஒருவர் தன் சின்ன வீட்டையும் பத்துப் பேர்ச் நிலத்தையும் ஐம்பது லட்சத்துக்கு விற்கிறார். மகள் இருக்கிற ஊருக்குப் போகிற மனிதர், ஒரு சதமும் குறைக்க முடியாது, ஆனால் மாத முடிவு வரை உங்களுக்காக வைத்திருக்கிறேன் என்றுவிட்டார். பாஸ் கையில் இருந்தது அந்தக் கார் ஒன்றுதான். எனக்கு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. வீடு ஐம்பது, காரையும் ஐம்பதுக்கு விற்றால் முடிந்தது.

"அது எப்படி டீச்சர்?" என்றார் பாஸ். "எனக்கு வீடு வேணும்ங்கிறதுக்காக காரு மேல வெல வைக்கலாமா? வாங்குறவரு என்னா பாவம் செஞ்சாரு? காருக்கு என்னா நியாயமோ அதத்தான் கேக்கணும்."

"சரி, என்ன நியாயம்? சொல்லுங்க, போட்டுருவோம்."

"அதத்தான் கண்டுபுடிக்கணும்."

கண்டுபிடித்தோம் பாருங்கள். முதலில் செலவைக் கூட்டினோம். பிஸ்டன் இவ்வளவு என்றால், "அத மொதல்ல தப்பா மாட்டி ஒடைச்சுட்டேன். ரெண்டாவது வாங்கினது என்னோட முட்டாள்தனத்துக்கு. அதுக்கு அவரு காசு குடுக்கணுமா?" என்று கழித்தார். கூலியைச் சேருங்கள் என்றால், "நான் சந்தோஷமால்ல செஞ்சேன்?" என்று அதையும் கழித்தார். கூட்டியதை எல்லாம் கழித்து முடித்தபோது, காரோடு சேர்த்து நாங்கள்தான் காசு கொடுக்க வேண்டும் போல இருந்தது.

பிறகு இன்டர்நெட்டில் இதே மாதிரிக் கார் ஒன்றைக் கொழும்பில் தொண்ணூறு லட்சத்துக்குப் போட்டிருப்பதைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை மூக்கருகில் வைத்துப் பார்த்தார். "அதுல டாஷ்போர்டு அந்தக் காலத்து ஒரிஜினலு. நம்மளோடது பலாப்பழம்" என்றார். ஒவ்வொரு படமாகத் தள்ளத் தள்ள அவர் கார் மலிந்துகொண்டே போனது. கொழும்புக்காரன் இவரை வைத்து விளம்பரம் போட்டிருந்தால் அவனுடையதும் விற்றிருக்கும்.

கடைசியில் பங்குச் சட்டத்தை எடுத்தார். கார் விட்டுப் போன துரைக்கு ஒரு பங்கு, எழுதிக் கொடுத்த துரைக்கு ஒரு பங்கு, இடம் கொடுத்த கம்பெனிக்கு ஒரு பங்கு என்று போய்க்கொண்டே இருந்தார்.

"ஒங்கள வெளிய போகச் சொல்ற கம்பெனிக்குப் பங்கா?" என்று கத்திவிட்டேன்.

"அது வேற, இது வேற டீச்சர். அத்தன வருஷம் மழையில நனையாம இருந்துச்சே. அப்புறம் அந்த ஆடு..."

"ஆடா?"

"அது உள்ள படுத்ததாலதான எலி சீட்டுக் கம்பியக் கடிக்கல?"

நான் எழுந்து வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தேன். என் வீட்டுக்காரர் பேப்பரை விலக்கி என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

நாள் ஓடுகிறதே என்று நானே விளம்பரம் போட உட்கார்ந்தேன். விலை என்ற இடத்தில் "நியாயமான விலை" என்று மட்டும் போடுங்கள் என்றார் பாஸ். அந்த இடத்திலோ இலக்கம் போட்டால்தான் அடுத்த பக்கத்துக்கு விடுவேன் என்று போன் அடம் பிடித்தது. இருவரில் யாரோடு சண்டை பிடிப்பது? எரிச்சலில் ஒன்று என்று ஒரு இலக்கத்தைத் தட்டி, என் நம்பரையும் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மறுநாள் நான் வகுப்பில் பின்னம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது தொடங்கியது. "கார் எக கீயத?" என்று ஒருவர், கார் என்ன விலை என்று. "ஒரு ரூபாயா, ஒரு லட்சமா?" என்று இன்னொருவர். "ஒரு ரூபாய் இப்பவே அனுப்புறேன், காரைக் கொண்டுவந்து விடுவீங்களா?" என்று ஒரு பொடியன். குளிக்கப் போனால் அழைப்பு, சோறு வடித்தால் அழைப்பு. என் வீட்டுக்காரர் ஒருநாள் எனக்காகப் போனை எடுத்துப் பேசி, பேசி முடித்ததும் தலைவலிக் குளிசை கேட்டார்.

அத்தனை பேரிலும் நேரில் வந்தவர்கள் சிலர்தான். கொடகவெலவிலிருந்து ஒரு மாப்பிள்ளைப் பையன் வந்தான், கல்யாண ஊர்வலத்துக்கு வேண்டுமாம். காரைக் கண்டதும் அவனுக்கு வாயெல்லாம் பல். பாஸ் அவனை ஓரமாக அழைத்துப் போய், "தம்பி, மழ வந்தா உள்ள நனையும். வெயில் வந்தா வேகும். பொண்ணு சாரியோட ஏறினா எறங்க முடியாது. நியாயமா பாத்தா ஒனக்கு வேன் தான் சரி" என்று சொல்லி, ஒரு வேன்காரரின் விலாசமும் கொடுத்து அனுப்பினார். கொழும்பிலிருந்து காற்சட்டை போட்ட ஒரு மாத்தயா வந்து, காரைச் சுற்றிப் பார்த்து, "நாற்பது" என்றார். பாஸ் மிகவும் மரியாதையாக, "என்ன காரணத்துக்காக நாப்பதுங்க?" என்று கேட்டார். அவருக்குப் புரியவில்லை. "வெல சொன்னா காரணமும் சொல்லணும்ல மாத்தயா? ஏன் முப்பத்தொம்பது இல்ல?" அந்த மனிதர் காரில் ஏறிக் கதவை அடித்துச் சாத்திய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

மாத முடிவு நெருங்கிவிட்டது. பாக்கியம் அக்கா சட்டி பானைகளைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டார். எங்கே போகப் போகிறோம் என்று தெரியாமலே கட்டினார். இவரோ காரை மெழுகு போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஹாஜியார் வந்தார். இரத்தினபுரிக் கல் வியாபாரி, வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, எழுபதைத் தாண்டிய வயது. காரை ஓட்டிப் பார்க்கக் கேட்டு வாங்கி, பாஸைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு தோட்டத்துப் பாதையில் ஒரு சுற்றுப் போனார். திரும்பி வரும்போது தலையில் தொப்பி இல்லை, பாஸ் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஹாஜியார் இறங்கவே மனமில்லாமல் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பாஸ், எனக்குப் புடிச்சீக்கி. வாயால வெல பேச எனக்கு ஏலா. வாயால பேசினா நாலு பேர் காதுல விழுந்து வெல கெட்டுப் போகும். எங்கட முறைக்குப் பேசுவோமா?"

கல் வியாபாரத்தில் பழையவர்களின் முறை அது. இரண்டு பேரும் ஒரு துணிக்குக் கீழே கையைப் பிடித்துக்கொள்வார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அத்தனை விலை. பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பாஸுக்கும் குழிக்காரர்களோடு பழகியதில் இது தெரியும். அவர் தோளில் கிடந்த எண்ணெய்த் துண்டை நீட்டினார். ஹாஜியார் பயந்துபோய்த் முகம் துடைக்கிற தன்னுடைய வெள்ளை லேஞ்சியை எடுத்து விரித்தார்.

"வெரலுக்குப் பத்து லட்சம். சரியா?"

"சரிங்க."

இரண்டு கிழவர்கள் லேஞ்சிக்குக் கீழே கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். துணி அசைந்தது. பாஸ் தலையை ஆட்டவில்லை. மறுபடி அசைந்தது. பாஸ் கொஞ்சம் யோசித்தார். நான் துணியை உற்றுப் பார்த்தேன், அக்கா சாக்கின் வாயைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார். கடைசியாக ஹாஜியார் அழுத்தமாக ஒரு பிடி பிடித்தார். பாஸ் நன்றாக யோசித்து, "ஹரி" என்று தலையை ஆட்டினார். சம்மதம்!

"அல்ஹம்துலில்லாஹ், முடிஞ்சிச்சு!" என்று லேஞ்சியை உதறினார் ஹாஜியார்.

"எவ்வளவு?" என்று நான் பாய்ந்தேன்.

"ஐம்பது" என்றார் ஹாஜியார்.

"நாப்பத்தஞ்சு" என்றார் பாஸ்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் முழுக் கையப் புடிச்சேன் பாஸ். கைன்டா அஞ்சு. எங்க வாப்பா காலத்துலேந்து அதுதான் கணக்கு."

பாஸ் தன் வலது கையை அவர் முகத்துக்கு முன்னே விரித்துக் காட்டினார். "நீங்களே எண்ணிப் பாருங்க ஹாஜியார். நீங்க புடிச்சது நாலர வெரலு. இல்லாத வெரலுக்கு நான் எப்படிங்க காசு வாங்குறது?"

ஹாஜியார் கண்ணாடியைப் போட்டு உண்மையிலேயே எண்ணினார். பாதி விரலில் வந்து நின்றார். "சரி, நாலரதான். ஆனா நான் மனசால சொன்னது அம்பது!"

"மனசு துணிக்கு அடியில இல்லையே. வெரலுதான் இருந்துச்சு."

எனக்குத் தலை சுற்றியது. வாங்குகிறவர் கூட்டிக் கொடுக்கிறேன் என்கிறார், விற்கிறவர் குறைத்துக்கொள் என்கிறார். உலகத்தில் எந்தச் சந்தையில் நடக்கும் இந்தக் கூத்து? "பாஸ்! அவர்தான் குடுக்கிறேங்கிறாரே, வாங்கிக்கங்களேன்! நாப்பத்தஞ்சுக்கு அந்த வீடு வருமா? அக்கா எங்க போவாங்க?"

அவர் என்னை வருத்தத்தோடு பார்த்தார். "நீங்க புள்ளைங்களுக்கு இப்படித்தான் கணக்குச் சொல்லிக் குடுக்கிறீங்களா டீச்சர்?"

அந்த இடத்தில் நான் அவரை அடிக்காமல் விட்டதற்கு எனக்கு யாராவது பொன்னாடை போர்த்த வேண்டும்.

ஹாஜியாருக்கும் ரோஷம் வந்துவிட்டது. "கையில சொன்ன வெலய நான் கொறச்சுக் குடுத்தேன்டு பசார்ல தெரிஞ்சா, நாளைக்கு எவன் எனக்குக் கல்லு காட்டுவான்? ஐம்பதுன்டா ஐம்பது. ஏலாட்டி வேணாம்" என்று தொப்பியைப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டு தன் வேனை நோக்கி நடந்தார். பாஸ் முகம் கறுத்து நின்றார். அவருக்கும் வீடு வேண்டும்தான், அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மனிதரால் அசைய முடியவில்லை. கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். வேன் கதவு திறந்தது.

பாக்கியம் அக்கா சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தவர், நிமிராமலே கேட்டார்.

"ஏங்க, அந்தப் பாதி வெரலு எங்க போச்சு?"

"இதென்ன கேள்வி? காருக்குள்ளதான் போச்சு."

"வெளிய வந்துச்சா?"

"இல்ல."

"அப்ப காருக்குள்ளதான இருக்கு? காரோட சேத்துத்தான குடுக்கிறீங்க?" கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "குழியில எறங்கினவனுக்கெல்லாம் பங்கு உண்டுன்னு ஊருக்கே சொல்லுவீங்க. அந்த வெரலு எறங்கலையா? ஆட்டுக்குக் குடுப்பீங்க, ஒங்க வெரலுக்குக் குடுக்க மாட்டீங்களா?"

ஹாஜியார் வேன் கதவைப் பிடித்தபடி நின்றார். பாஸ் காரைப் பார்த்தார். பொனட்டைப் பார்த்தார். கையைத் தூக்கி அந்த அரை விரலைப் பார்த்தார். கையில் நாலரை, காருக்குள் அரை. அவருடைய உதடு அசைந்து அசைந்து கூட்டியதை நான் பார்த்தேன்.

"நியாயம்" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஹாஜியார் சிரித்த சிரிப்பில் மறுபடி தொப்பி விழுந்தது. "தங்கச்சி, கல்லு யாவாரத்துக்கு வந்துடுங்க, எங்கள எல்லாம் வித்துப்போடுவீங்க" என்றார் அக்காவைப் பார்த்து. போகும்போது வேனை டிரைவரிடம் விட்டுவிட்டுக் காரைக் கிளப்பியவர், பொனட் பக்கம் குனிந்து, "வெரலுக்காரரே, கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்று ஒரு சலாமும் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பச்சைக் கார் இறப்பர் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கி மறைகிற வரைக்கும் பாஸ் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கராஜுக்குள் போய், கார் நின்ற வெறும் தரையைக் கூட்டினார்.

வீடு கைக்கு வந்தது. குடிபோன அன்று நாங்கள் பால் காய்ச்சுவதற்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தோம். உள்ளே டக் டக் என்று சத்தம். பாக்கியம் அக்கா முன்னறைச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். மாட்டுவதற்கு அவர் கையில் ஒன்றுமே இல்லை. வெறும் ஆணி. தள்ளி நின்று அதைப் பார்த்துச் சிரித்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் என் இரத்த அழுத்தமும் இறங்கியிருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பாஸ் என் வாசலில் நின்றார்.

"டீச்சர், காரக் கேட்டு யாராச்சும் போன் எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க. ஒருத்தர் முப்பத்தஞ்சு தாறேன்னாரு. வித்தாச்சுன்னு சொல்லிட்டேன்" என்றேன், தெரியாத்தனமாக.

அவர் முகம் மாறிவிட்டது. "முப்பத்தஞ்சா? அப்ப நான் ஹாஜியார்கிட்ட பதினஞ்சு லட்சம் கூட வாங்கிட்டேனா?" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். எங்கே என்று எட்டிப் பார்த்தால், நேராகப் பஸ் நிறுத்தத்தில் போய் நிற்கிறார். இரத்தினபுரிக்குப் போய், தேவைப்பட்டால் வீட்டை விற்றாவது மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாராம்! நான் வீட்டுச் செருப்போடு ஓடினேன். பஸ் வருகிறது, நான் அவருடைய சட்டையைப் பிடித்து இழுக்கிறேன், கண்டக்டர் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரிக்கிறான். "அந்த ஆளு காரை நேர்ல பார்க்கவே இல்ல பாஸ்! பார்க்காம சொன்ன வெல எப்படி நியாயம்?" என்று நடுரோட்டில் கத்தினேன். யோசித்தார். பஸ் போன பிறகும் நின்று யோசித்தார். பிறகு, "அது சரிதான்" என்று வீட்டுக்குத் திரும்பினார்.

அன்றைக்கு மாலையே விளம்பரத்தை அழித்துவிட்டேன். அதற்குப் பிறகு காரைக் கேட்டு யாரும் அழைப்பதில்லை. ஆனால் பாஸ் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறார். சில நாள் ஒரு பப்பாளிப்பழம், சில நாள் தன் தோட்டத்துக் கீரை, "போன் பங்கு டீச்சர்" என்று கொடுத்துவிட்டு, வாங்குப் பலகையில் உட்கார்ந்து கேட்பார். "யாராச்சும் எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க பாஸ். கேகாலையிலேந்து ஒருத்தர். ஐம்பத்தொண்ணு வரைக்கும் போகலாம்னாரு."

"நேர்ல பாத்தவரா?"

"ஹாஜியார் ஓட்டிக்கிட்டுப் போறப்ப பாத்தாராம்."

அவர் மூச்சை விடுவார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, தன் சொந்த வீட்டுக்கு நிம்மதியாக நடந்து போவார். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று படிப்பிக்கிற நான், ஒவ்வொரு சனிக்கிழமையும் உட்கார்ந்து ஒரு புது ஆளைக் கற்பனை செய்கிறேன். ஊர் வேண்டும், தொழில் வேண்டும், விலை வேண்டும், விலைக்குக் காரணமும் வேண்டும். என்ன வேதனை பாருங்கள். இதைப் படிக்கிற யாரும் தயவுசெய்து அவருக்கு வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கு மாவனல்லையிலிருந்து ஒருவரைத் தயாராக வைத்திருக்கிறேன். நல்ல மனிதர். ஐம்பத்திரண்டு வரைக்கும் போவார்.